தோளில் போட்டுக் காட்டியவன்

1

இந்த வருஷம் வைகாசிக் கருட சேவை அன்று காஞ்சிபுரத்தில் நீங்கள் எல்லோரும் விடியற்காலையிலேயே வீதியில் நின்று, வரதர் குடை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அதே நாளில் நான் இங்கே, இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில், ஒரு கல்லூரி மண்டபத்தின் நடுவில் பெண்கள் போடுகிற நீளக் கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றேன். சுற்றிலும் நாற்காலிகளில் வெள்ளைக்காரர்கள். எனக்கு மீசை உண்டு என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கும் இருந்தது.

இந்தச் சேதி எப்படியோ பிள்ளையார்பாளையம் வரைக்கும் போய்விட்டது. என் மனைவி ஜெகதாதான் தன் தம்பிக்கு எழுதியிருக்க வேண்டும். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள். மைத்துனன் விசாரிக்கிறான்: "மாமா அங்கே டிராமா கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள், நிஜமா?" நிஜமில்லை. நான் இன்னமும் பஸ் கண்டக்டர்தான். ஆளுக்கொரு விதமாகச் சொல்வதற்கு முன்னால் நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது. தவிர, நாங்கள் கடல் தாண்டி வந்து பத்து வருஷம் ஆனதும் இதே மாதத்தில்தான். எதையாவது எழுத வேண்டும் என்று இருந்தேன், இதுவே கிடைத்தது.

2

இங்கே வருவதற்கு முன் நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை காட்டுகிறவன். வெளியூர்க்காரர்களுக்கு இந்த வேலை புரியாது. எங்கள் ஊரில் புடவையை அலமாரியிலிருந்து எடுத்து நீட்டுவதோடு காரியம் முடியாது. வாங்க வந்த பெண்கள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். காட்டுகிற ஆண்பிள்ளை எழுந்து நின்று, புடவையைத் தன் இடுப்பில் கொசுவம் வைத்துப் பிடித்து, முந்தியை இடது தோளில் போட்டு, வாசல் வெளிச்சம் படுகிற மாதிரி அரைவட்டம் திரும்ப வேண்டும். மீசை, பொட்டு, வெற்றிலைச் சிவப்பு எல்லாம் அதன் பாட்டுக்கு மேலே இருக்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள். கல்யாணப்பெண் தன் முகத்தை அந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வாள்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. புடவை தோளுக்கு வந்துவிட்டால் காட்டுகிறவன் வாயைத் திறக்கக் கூடாது. "எடுப்பா இருக்குதும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால்கூட, இவன் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று எதிரில் இருப்பவர்களுக்குத் தோன்றிவிடும். உள்பக்கத்தை ஒரு தரம் திருப்பிக் காட்டிவிட்டு, சும்மா நிற்க வேண்டும். அவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். "போன வருஷம் பெரியம்மா பொண்ணுக்கு எடுத்தது இத்தவிட நல்லாருந்திச்சு" என்பார்கள். அதையெல்லாம் காதில் வாங்கக் கூடாது. கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கை மெல்ல நீளும். கரையைத் தொடும். தொட்டுவிட்டுத் திரும்பிப் போனால் அடுத்த புடவை. போகாமல், இரண்டு விரலுக்கு நடுவில் கரையை வைத்து நெருடிக்கொண்டே இருந்தால், வாய் என்ன சொன்னாலும் அது விற்றுப் போச்சு. "கை வந்துட்டுச்சுபா" என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அடுத்த நொடி புடவையைத் தோளிலிருந்து எடுத்து, அந்தக் கைக்கு உரியவரின் மடியில் வைத்துவிட வேண்டும்.

மடித்து வைத்திருக்கும்போது புடவை வெறும் சரக்குதான். அரக்கும் மயில்கழுத்தும் அலமாரியில் அடுக்கடுக்காக ஒன்றுபோலத்தான் தூங்கும். தோளில் ஏறி, ஒரு தரம் திரும்பினால்தான் அதை நினைத்தவனின் கணக்கு தெரியும். கரை ஏன் இந்த அகலம், முந்தியில் ஏன் இவ்வளவு ஜரிகை, உடலில் ஏன் ஒன்றுமே இல்லாமல் விட்டான் என்பதெல்லாம் அப்போது விளங்கும். இதை நான் தினமும் பார்த்தேன். பார்த்தேனே தவிர, இதற்குக் கலை என்று ஒரு பெயர் உண்டு என்று நினைத்ததில்லை. வியாபாரம் என்றுதான் நினைத்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆனதும் இந்தத் தொழிலால்தான். ஒரு நாள் அரக்குப் புடவை ஒன்றைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் வாங்கிப் போன ஒரு குடும்பம் குடையை மறந்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ராஜவீதியில் பாதி தூரம் போன பிறகுதான், எல்லோரும் ஏன் வழிவிட்டு நிற்கிறார்கள் என்று குனிந்து பார்த்தேன். புடவை என் மேலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான், பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருந்த ஜெகதாவின் அப்பா, மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்கக் கடைக்கு வந்துகொண்டிருந்தார். சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன். அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னாராம்: "பையன் பொடவயோட ரோட்டுல ஓடியாரான். ஆனா முந்தி தரையில படல. குடுக்கலாம்."

3

இந்த ஊருக்கு வந்த புதிதில் வேலைக்காக ஒரு அரசாங்க அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், முன்பு என்ன தொழில் என்று கேட்டார். புடவை வியாபாரம் என்றேன். நீங்கள் அதில் என்ன செய்வீர்கள் என்றார். எனக்கு அப்போது தெரிந்த இங்கிலீஷில், "நான் புடவை கட்டிக்கொள்வேன், பெண்கள் பார்ப்பார்கள்" என்று சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைச் சற்று நேரம் பார்த்தார். நல்ல மனிதர். மேலே ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார்.

அவர் எழுதியது 'மாடல்' என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. திருத்தச் சொல்லிப் போனேன். திருத்த வேண்டுமானால் பழைய முதலாளியிடமிருந்து சான்று வேண்டும் என்றார்கள். முதலாளிக்கு எழுதினேன். "ஏழுமலை எங்கள் கடையில் புடவைகளை அணிந்து காட்டி வந்தார்" என்று அவர் அழகாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அதைப் பார்த்ததும் அலுவலகத்தில் இன்னும் உறுதியாகிவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன். இன்றைக்கும் எதற்காவது அங்கே போனால், குமாஸ்தாப் பெண் தாளைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், மறுபடியும் தாளைப் பார்ப்பாள்.

கண்டக்டர் வேலை எனக்குப் பிடித்துப் போனதற்குக் காரணம் துணிதான். குளிர்காலத்தில் ஊர் முழுவதும் கோட்டில் நடமாடும். பஸ்ஸின் மாடிப் படியில் ஏறும்போது யாருடைய கோட் அலைபோல விழுந்து எழுகிறது, யாருடையது மரப்பலகை போல நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே டிக்கெட் கிழிப்பேன். மினி ஸ்கர்ட் வந்த வருஷம் மட்டும் கண்டக்டர்கள் படியைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாக்சி வந்தது, பிழைத்தோம்.

4

எங்களுக்கு ஒரே பெண், மல்லிகா. பாவாடை கட்டிய குழந்தையாக வந்தாள். பள்ளிக்கூடத்தில் மாலி ஆனாள். வீட்டுக்குள் அப்பா, தெருவில் டாட். தலையில் எண்ணெய் வைக்க மாட்டேன் என்றாள்; சரி. தூக்கத்தில் இங்கிலீஷில் பேசினாள். ஜெகதா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் அதுவும் சரி. எல்லாவற்றுக்கும் சரி சொன்னவன், ஒன்றே ஒன்றில் பிடிவாதமாக இருந்தேன். மருந்துக்கடைப் படிப்போ பாங்கு வேலையோ, மரியாதையான ஒன்றுக்கு அவள் போக வேண்டும்.

அவள் ஓவியக் கல்லூரியில் ஒரு வருஷ முன்படிப்பில் சேர்ந்தாள். படம் வரைகிறாள், வரையட்டும் என்று இருந்தேன். வருஷம் முடிகிற சமயத்தில்தான் குண்டைத் தூக்கிப் போட்டாள். லண்டனில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, மூன்று வருஷம், உடை வடிவமைப்பு.

"துணி வெட்டறதுக்கா லண்டன்? நம்ம தெரு முனையில மெஷின் போட்டுக்கினு ஒக்காந்திருந்தவரு எந்த லண்டன்ல படிச்சாரு?" என்று கேட்டேன்.

"இது டைலரிங் இல்லப்பா. டிசைன். ஆர்ட்."

"ஆர்ட்டுன்னா செவுத்துல மாட்டுவாங்க. இத்த கதவுக்குப் பின்னால ஆணியில மாட்டுவாங்க."

அவள் எழுந்து போய்விட்டாள். என் வாயே எனக்குச் சத்துரு. ஜெகதா பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே கேட்டாள், "ஏங்க, கருட சேவை அன்னிக்கு ஊரு முழுக்க ரோட்டுல நின்னுக்கினு என்னா பேசுது? இன்னிக்கு என்னா பட்டு, எந்த மாலை எதுக்கு மேல வருது, போன வருஷத்துக்கு இந்த வருஷம் எப்படின்னுதானே பேசுது? நீங்ககூட ஒரு வருஷம், பச்ச தூக்கலா போச்சுன்னு கண்ணுல தண்ணி வெச்சுக்கினீங்க. வரதருக்கு சாத்தறவங்கள தையக்காரங்கன்னா சொல்லுவோம்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். அன்றைக்கு எனக்கு லீவு. தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.

நான் வேண்டாம் என்று சொன்னால் மீறிக்கொண்டு போயிருப்பாள் என்றால் எனக்குச் சுலபம், திட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். "நீ சரின்னு சொன்னாதான் போவேன்" என்று சொல்லிவிட்டாள். லண்டனுக்கு அந்த வாரத்திலேயே பதில் எழுத வேண்டும். அதே வாரத்தில் கல்லூரியில் வருஷக் கடைசி ஷோவும் இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவரும் தாங்கள் செய்த உடையை ஒருவருக்கு அணிவித்து நடக்கவிட வேண்டும். "மொதல்ல ஷோ முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்றேன். அது வேண்டாம் என்பதை நாள் தள்ளிச் சொல்கிற பேச்சு என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அவள் செய்த கோட்டைச் சமையலறை மேஜையில் பார்த்திருந்தேன். சாம்பல் நிறக் கம்பளி. கீழே ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்புக் கரை. "கம்பளிக்குக் கரையா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

5

ஷோ நாளில், மைத்துனன் அனுப்பிய தினசரிக் காலண்டரைக் கிழித்தபோதுதான் கருட சேவை என்று பார்த்தேன். ஜெகதா அரக்குப் பட்டு கட்டிக்கொண்டாள். நான் வேண்டாம் என்ற சொல்லை மனதில் மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மண்டபத்துக்குப் பக்கத்து அறையில் மல்லிகா கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, சூசன் வரல. படியில வழுக்கி காலு சுளுக்கிக்கினா. இப்பதான் போன் வந்துச்சு."

சூசன்தான் கோட்டைப் போட்டு நடக்க வேண்டிய தோழி. நல்ல உயரம்.

"நீயே போட்டுக்கோயேன்."

"நான் போட்டா தரைய பெருக்கும்பா." அது உண்மை. அவள் அம்மா உயரம்.

பொறுப்பில் இருந்த அம்மாள் வந்து, ஆள் இல்லையென்றால் பரவாயில்லை, ஸ்டாண்டில் மாட்டி வைத்துவிடலாம் என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். மல்லிகா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஸ்டாண்டுல மாட்டுனா ஒண்ணுமே தெரியாதுப்பா. இது திரும்பணும். யாராவது போட்டுக்கினு ஒரு வாட்டி திரும்புனாதான் இது என்னான்னு தெரியும்."

இதைத்தான் நான் கடையில் நின்ற வருஷமெல்லாம் பார்த்திருக்கிறேன். இவளுக்கு யார் சொன்னார்கள்? நான் சொன்னதில்லை.

என் கை தானாக நீண்டது. "குடு" என்றேன். வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக் கொடுத்தாள். நான் இடது தோளை முதலில் நுழைத்தேன். கோட் வழுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. தோள் சரி, கை நீளம் சரி, முதுகு சரி.

"இது எப்படிம்மா எனக்கு அளவு?"

அவள் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். "வீட்டுல டம்மி ஏதுப்பா? கதவுல தொங்குதே உன் யூனிஃபார்ம் கோட்டு, அதும் மேலதான் வெச்சு வெச்சுப் பார்த்தேன். சூசனும் உன் ஒசரம்தான்."

"ஐயோ, என்னாங்க இது!" என்று ஜெகதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் போய்விட்டேன்.

எனக்கு முன்னால் போன பெண்கள் எல்லோரும் இடுப்பை ஆட்டிக்கொண்டு, பாட்டுக்கு ஏற்றபடி விறுவிறுவென்று நடந்தார்கள். எனக்கு அதெல்லாம் வராது. நேராக நடுவில் போனேன். எங்கிருந்து வெளிச்சம் வருகிறது என்று பார்த்தேன். மேற்கே ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. சிரிப்பு கிளம்பிவிட்டது. பின்வரிசையில் ஒருவர் விசிலடித்தார். எங்கள் கடையில் கல்யாண கோஷ்டி போடுகிற சத்தத்துக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஜன்னல் பக்கமாக மெல்ல அரைவட்டம் திரும்பினேன்.

அப்போதுதான் அந்தக் கோட் என்னிடம் பேச ஆரம்பித்தது. வலது தோளில் கனமே இல்லை. முழுக் கனமும் இடது தோளில் தொடங்கி, முதுகில் சாய்வாக இறங்கி, கரையில் போய் நின்றது. நான் நின்ற பிறகும் கரை நிற்கவில்லை. மிச்சச் சுற்றையும் நிதானமாகப் போய்விட்டு வந்து காலருகே அமர்ந்தது. தரையில் படவில்லை. குனிந்து கரையை இரண்டு விரலால் தூக்கினேன். மேஜையில் நான் பார்த்தபோது சிவப்புத் துணியை அடியில் ஒட்டித் தைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். இல்லை. சாம்பலும் சிவப்பும் பல்லுக்குள் பல்லாகக் கோத்துக்கொண்டு இறங்கின. நம்மூர்ப் புடவையில் உடலையும் கரையையும் தறியில் கோர்வையாகப் பிணைப்பார்களே, அதைக் கத்தரிக்கோலாலும் ஊசியாலும் செய்திருந்தாள். வழக்கப்படி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். உள்ளே மாம்பழ மஞ்சளில் ஒரு துணி. வெளிப்பக்கம் எவ்வளவு சுத்தமோ உள்பக்கமும் அவ்வளவு சுத்தம். யாரும் பார்க்காத இடத்தில் ஒரு நிறத்தை வைத்திருக்கிறாள், நடந்தால் மட்டும் ஒரு கணம் தெரியட்டும் என்று.

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. படம் சுவரில் இருந்துகொண்டு நம்மை அங்கே வரச் சொல்லும். இது ஒரு ஆளைத் தேடி வந்து, அவன் தோளில் ஏறி, அவன் போகிற இடமெல்லாம் போகும். மழையில் நிற்கும், பஸ்ஸில் உட்காரும். ஒரு கண்டக்டரைக்கூட, மண்டபத்தில் சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டு பார்க்கிற ஆளாக ஆக்கிவிடும். ஆமாம், சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையில், மார்க் போட லண்டனிலிருந்து வந்திருந்த அம்மாள் ஒருவர், வெள்ளைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் கை மடியிலிருந்து கிளம்பியது. நான் ஓரடி கிட்டே போனேன். கை கரையைத் தொட்டது. விடவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் நெருடிக்கொண்டே இருந்தது.

கை வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தோளிலிருந்து கோட்டை உருவி அந்த அம்மாள் மடியில் வைத்துவிட்டேன். வைத்துவிட்டு, எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தும்விட்டேன். அடுத்தது காட்டட்டுமா என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் ஒரு நிமிஷம் திகைத்துப் போய், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, கோட்டை உள்ளும் புறமும் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். மண்டபம் கைதட்டியது. கதவோரத்தில் மல்லிகா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். வெட்கத்தாலா, வேறு எதனாலா என்று அங்கிருந்து தெரியவில்லை.

6

திரும்பும்போது பஸ் மாடியில் முன்சீட்டு கிடைத்தது. மல்லிகாவும் ஜெகதாவும் ஒரு பக்கம். நடைவழிக்கு இந்தப் பக்கம், அவர்களைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தபடி நான். டிக்கெட் கிழிக்க வந்தவன் என் கூட்டாளி. "உனக்கு ஏதோ புது வேலை கிடைத்துவிட்டதாமே" என்று அதற்குள் கேட்டான். டெப்போவுக்குச் சேதி எப்படிப் போனது என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அந்த ஆபீசுல மாடல்னு எழுதி வெச்சது பொய்னு அலையா அலைஞ்சீங்க. இனிமே அத்த மாத்த வேணாம்" என்றாள் ஜெகதா.

மல்லிகா சிரித்தாள். ஆனால் லண்டன் பேச்சை எடுக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கேட்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த 'வேண்டாம்' எங்கே போனது என்று தெரியவில்லை. அதே சமயம், அத்தனை பேசியவன் சட்டென்று சரி என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. அந்த அம்மாள் திருப்பிக் கொடுத்த கோட் மடித்தபடி என் மடியில் இருந்தது.

மூன்று நிறுத்தம் தாண்டியிருப்போம். ஜெகதா என் முகத்தைப் பார்க்கவில்லை, மடியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மகளை முழங்கையால் இடித்தாள்.

"ஏண்டி, உன் கோட்டு வித்துப் போச்சுடி."

மல்லிகா திரும்பினாள். "வித்துப் போச்சா? யாரு வாங்குனது?"

"எதிர்ல ஒக்காந்துக்கினு இருக்காரு பாரு. கைய பாரு."

நான் குனிந்து பார்த்தேன். சிவப்புக் கரை என் இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது. மண்டபத்திலிருந்து கிளம்பியதிலிருந்தே நெருடிக்கொண்டு வந்திருக்கிறேன் போல. இருவரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை.